லிந்தாங் ரோட்டு வொர்க்ஷாப்: எங்க பழைய லைட்ஏஸ் வேனைத் தூரப் பயணத்துக்குத் தயார் பண்ணிக் கொடுத்த இடம்

மலேசியா பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன்ல இருந்து லிந்தாங் போற ரோட்டுல, செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இடது பக்கம் ஒரு தகரக் கொட்டாய் இருக்கும், போர்டு கிடையாது, வாசல்ல ஒரு ரம்புத்தான் மரம், அதுதான் அடையாளம். பழைய வேன், பழைய லாரி வச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்கு உதவும்னுதான் இதை எழுதுறேன்.

எங்க வேன் 1992 லைட்ஏஸ், 5கே இன்ஜின், கார்புரேட்டர். அப்பா அதுலதான் இருபது வருஷம் தோட்டத்துப் பிள்ளைங்களைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு. அதை விக்கிற பேச்சே வீட்டுல கிடையாது. தங்கச்சிக்கு கோத்தா பாருல நர்ஸ் வேலை, ஸ்கூல் லீவுல எல்லாரும் அவளைப் பார்த்துட்டு அப்படியே திரெங்கானு, குவாந்தான் வழியா ஒரு சுத்து சுத்தி வரலாம்னு பிளான். எட்டு பேரு, சாமான் வேற. போற வழி கிரிக் - ஜெலி கிழக்கு மேற்கு ஹைவே. 1982-ல திறந்த மலை ரோடு, தித்திவங்சா மலைத்தொடரைக் குறுக்கால தாண்டிப் போகுது, உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல. நடுவுல ஊரே கிடையாது, யானை வேற ரோட்டைத் தாண்டும். அங்க வேன் நின்னுச்சுன்னா பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது, அந்தப் பயம்தான் எனக்கு.

ஏன்னா வேன் ஏற்கனவே சூடாகிக்கிட்டு இருந்துச்சு. மேடு ஏறினா டெம்பரேச்சர் ஊசி சிவப்புக் கோட்டுக்கிட்ட போயிரும். முதல்ல வேற ஒரு வொர்க்ஷாப்புக்குத்தான் கொண்டு போனேன், பேரு வேணாம். தெர்மோஸ்டேட்டை, அதான் இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடுற வால்வை, கழட்டிப் போட்டுட்டு இனிமே சூடாகாதுன்னு அனுப்பிட்டாங்க, ரெண்டே வாரத்துல மறுபடியும் அதே கதை. திரும்பிப் போனா ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜின் மேல் பாகத்தைப் பிரிச்சு டாப் ஓவர்ஹால் பண்ணணும், 1,800 வெள்ளி (ரிங்கிட்)ன்னு சொல்றாங்க. அப்பா முகம் வாடிப் போச்சு. அப்பதான் பக்கத்து வீட்டு மாமா இந்த இடத்தைச் சொன்னாரு.

போமனுக்கு, அதான் மெக்கானிக்குக்கு, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், தோட்டத்து லாரியும் டிராக்டரும் பார்த்துப் பழகின கை. வேனைப் பத்திக் கேட்டவுடனே ஸ்பேனரைத் தூக்கல. சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தாரு, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாரு, ஆயில் பால் மாதிரி வெளுத்துப் போகல. இன்ஜின் ஆறி இருக்கிறப்பவே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி, குமிழி வருதான்னு பத்து நிமிஷம் நின்னு பார்த்தாரு. வரல. ஹெட் கேஸ்கெட் போயிருந்தா இதெல்லாம் காட்டிக் கொடுத்துருமாம். அப்புறம் மூடியைப் போட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ரேடியேட்டர் மேல உள்ளங்கையை வச்சு இடம் இடமா தடவினாரு, என் கையையும் புடிச்சு வச்சுக் காட்டினாரு. மேல சுடுது, நடுவுல ஒரு சாண் அகலத்துக்குச் சில்லுன்னு இருக்கு. தண்ணி போகாத இடம்தான் சில்லுன்னு இருக்கும், பாதி ரேடியேட்டர் அடைச்சிருக்கு, அதான் மேட்டுல தாங்கல. "அண்ணே, இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல, பைப்புத் தண்ணியே ஊத்தி ஊத்தித் துருப்புடிச்சுப் போச்சு"ன்னு அப்பாகிட்ட சொன்னாரு. அப்பா அப்படியே பெஞ்சுல உட்கார்ந்துட்டாரு.

ரேடியேட்டருக்குப் புது கோர், அதான் தண்ணி ஓடுற உள் பாகம், போட வெளிய அனுப்பினாரு. வாட்டர் பம்ப் லேசா ஆடுச்சு, அதையும் ஹோஸ் ரெண்டையும் பெல்ட்டையும் மாத்தினாரு. மறக்கவே முடியாதது தெர்மோஸ்டேட்தான். மூலையில ஒரு சின்ன கேஸ் அடுப்பு, அதுல அடி கருகின அலுமினியச் சட்டி, தண்ணி ஊத்தி, புதுத் தெர்மோஸ்டேட்டைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டு ஒரு தெர்மாமீட்டரையும் போட்டாரு. அது மேல 82-ன்னு அடிச்சிருக்கு, அந்த டிகிரி கிட்டதான் திறக்க ஆரம்பிக்கணும். 80 வரைக்கும் அசையல, 83-ல நடுவுல இருக்கிற தட்டு நூல் அளவுக்குப் பிரிஞ்சுச்சு, தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முழுசா திறந்துருச்சு. "புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல தம்பி, போன வாரம் ஒண்ணு திறக்கவே இல்ல"ன்னாரு. அதைக் கழட்டிட்டு ஓட்டினா இன்ஜின் சரியா சூடேறாது, பெட்ரோல் குடிக்கும், உண்மையான கோளாறும் மறைஞ்சு கிடக்கும்னு அவருதான் சொன்னாரு. மூடியும் புதுசு, 0.9 பிரஷர். மூடி நல்லா புடிச்சா உள்ள இருக்கிற தண்ணி 118 டிகிரி கிட்ட வந்தாதான் கொதிக்கும், ரப்பர் இத்துப் போனா 100-லேயே கொதிச்சு வெளிய வந்துரும், மலை ஏறுறப்ப அந்த வித்தியாசம்தான் காப்பாத்தும்னு சொன்னாரு. பத்து வெள்ளிச் சாமான்.

பிரேக்கையும் நான் கேட்காமலேயே பார்த்தாரு. பின்னாடி இடது வீல் சிலிண்டர் கசியுது, பிரேக் ஆயில் கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) கலர்ல இருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்குமாம். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிப்போச்சுன்னா 140-லேயே கொதிக்கும், ஜெலி பக்கம் இறங்குறப்ப மிதிச்சுக்கிட்டே வந்தா பெடல் தரையைத் தொட்டுரும்னாரு, எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. எல்லாத்தையும் மாத்தினாரு. இறக்கத்துல ரெண்டாவது, மூணாவது கியர்ல விட்டு இன்ஜினாலேயே புடிச்சுக்கிட்டு வாங்கன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாரு.

டயர்ல பூ (ரோட்டைப் புடிக்கிற வரிப்பள்ளம்) நிறைய இருந்துச்சு, நான் நல்லா இருக்குன்னுதான் நினைச்சேன். ஓரத்துல இருக்கிற நாலு நம்பரைப் படிக்கச் சொன்னாரு, 0914. அப்படின்னா 2014-ல ஒன்பதாவது வாரம் செஞ்சது. நகத்தால அழுத்திக் காட்டினா பக்கவாட்டுல முடி மாதிரி வெடிப்பு. அவரு டயர் விக்கிறது இல்ல, டவுன்ல சீனர் கடைக்குப் போகச் சொல்லிட்டாரு. கிளட்ச்சையும் சேர்த்து மாத்திரலாமான்னு நானே கேட்டேன், இன்னும் ஒரு வருஷம் தாங்கும், இப்ப காசைப் போடாதீங்கன்னுட்டாரு. வேலை வேணாம்னு சொல்ற போமனை நான் இப்பதான் பார்க்கிறேன்.

டயர் தவிர்த்து மொத்தம் 865 வெள்ளி. நோட்டுப் புஸ்தகத் தாள்ல சாமான் விலை தனியா, கூலி தனியா தமிழ்லயே எழுதிக் கொடுத்தாரு, கழட்டின பழைய சாமானை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு வச்சிருந்தாரு.

குறையும் சொல்லணும். மூணு நாள்னு சொல்லி ஆறு நாள் ஆக்கிட்டாரு, ரேடியேட்டர் கோர் வர லேட்டு, அது பரவாயில்ல, ஆனா போன் எடுக்கவே மாட்டாரு, நேர்ல போய்த்தான் கேட்கணும், தோட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு அது கஷ்டம்தான். உதவிக்கு ஒரு பையன்தான் இருக்கான். கார்டு, கியூஆர் எதுவும் கிடையாது, ரொக்கம்தான். ஏர்கோன் வேலை பார்க்க மாட்டாரு. அவசரமா நாளைக்கே கிளம்பணும்னா இங்க போகாதீங்க, பயணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே விடுங்க.

விடியக்காலை நாலரைக்குக் கிளம்பி கோலகங்சார், லெங்கோங் வழியா கிரிக் போய் டேங்க்கை ரொப்பிட்டு ஏறினோம், வழியில பெட்ரோலை நம்பிப் போக முடியாது. தெமெங்கோர் ஏரிப் பாலத்துல பனி இறங்கி இருந்துச்சு, பிள்ளைங்க எல்லாம் ஜன்னல்ல. அதுக்கப்புறம் ஏத்தம். லாரிக்குப் பின்னாடி மூணாவது கியர்ல ஊர்ந்துதான் போனோம், என் கண்ணு ரோட்டுல பாதி ஊசியில பாதி. ஊசி பாதிக்குக் கீழ ஒரு முடி அளவுல நின்னுச்சு, உச்சி வரைக்கும் அசையவே இல்ல. பக்கத்துல அப்பா ஒண்ணும் பேசல, டேஷ்போர்டைத் தடவிக்கிட்டே வந்தாரு.

சுத்தி முடிச்சு வீடு வந்து சேர்றப்ப மீட்டர்ல 1,190 கிலோமீட்டர். மறுநாள் திரெங்கானு கெரோப்போக் (மீன் அப்பளம்) ரெண்டு பாக்கெட் எடுத்துக்கிட்டு அப்பாவும் நானும் வொர்க்ஷாப்புக்குப் போனோம். போமன் பாக்கெட்டை வாங்கிப் பெஞ்சு மேல வச்சுட்டு, இன்ஜின் ஆறி இருக்கான்னு கேட்டுட்டு, நேரா போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாரு. பச்சைக் கலர் கூலன்ட் ஊத்தின அளவுலேயே இருந்துச்சு.