உளுத்த கட்டிலுக்கு போரேட் பவுடர்: வார்னிஷைச் சுரண்டத் தயாரென்றால் வாங்குங்கள்

கட்டில் காலுக்குக் கீழே மாவு மாதிரி மரத்தூள் சேர்ந்திருப்பதைப் பார்த்ததும் பலரும் கரையான் மருந்து வாங்கித்தான் அடிக்கிறார்கள், அது வேறு பூச்சி. சாதாரணக் கரையான் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு வரும். மண்ணே கட்டாத உலர்மரக் கரையானும் உண்டு, ஆனால் அதன் எச்சம் ஆறு பக்கம் கொண்ட சின்ன மணிகளாக உதிரும். வட்டமான ஓட்டை, அதிலிருந்து பொலபொலவென்று தூள் என்றால் மரத்தைத் துளைக்கும் வண்டு. அதற்குத்தான் இந்த போரேட் பவுடரை வாங்கினேன், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

உள்ளே இருப்பது டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் என்னும் உப்பு. தண்ணீரில் கரைத்துப் பிரஷால் பூசினால் ஈரத்தோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். நாற்றம் இல்லை, கறையும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அது தங்குவதுதான். புகை மருந்து போட்டால் அன்று உள்ளே இருக்கும் புழு சாகும், அடுத்து வரும் வண்டைத் தடுக்க மரத்தில் எதுவும் மிஞ்சாது. ஓட்டைக்குள் ஊசியால் மண்ணெண்ணெய் விடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் பார்க்கும் ஓட்டை வண்டு வளர்ந்து வெளியே போன வழி, புழுக்கள் வேறு இடத்தில் தின்றுகொண்டிருக்கும், அவை குடைந்த பாதையெல்லாம் தூளால் அடைபட்டும் கிடக்கும், நீங்கள் விடும் எண்ணெய் அதைத் தாண்டிப் போவது கஷ்டம்.

இந்தப் பாக்கெட்டில் எனக்கு இருக்கும் பெரிய குறை, வார்னிஷ், பெயிண்ட் மேல் பூசினால் மருந்து இறங்காது என்பதை எங்கேயும் பளிச்சென்று போடவில்லை. மரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் சரி, முத்தாக நின்றால் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்காமல் பூசுவது வீண். நல்லவேளையாகப் பல கட்டில்களில் அடிப்பக்கமும் பின்பக்கமும் பாலிஷ் இல்லாமல்தான் இருக்கும், மரம் துளைக்கும் வண்டுகளில் ஒரு வகையான மாவுத்தூள் வண்டு பாலிஷ் ஏறாத வெறும் மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும் என்பதால் முதலில் பூச வேண்டிய இடமும் அதுதான். இன்னொரு சின்னக் குறை, குளிர்ந்த நீரில் பவுடர் சீக்கிரம் கரைவதில்லை, வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பூசிய பிறகும் தூள் விழுகிறது என்று உடனே ஒரு நட்சத்திரம் போட்டுவிடாதீர்கள். ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு மருந்து எட்டாமல் போகலாம், அது வண்டாகி மருந்து ஏறிய மேல்மரத்தைக் கடித்துக்கொண்டு வரும்போதோ, புதிதாகப் பொரித்த புழு அந்த மரத்தைத் தின்னும்போதோதான் சாகும். எவ்வளவு காலம் ஆகும் என்பது எந்த வண்டு என்பதைப் பொறுத்தது. 1 முதல் 2 மில்லிமீட்டர் ஓட்டை, டால்கம் பவுடர் போல வழவழவென்ற தூள், தேக்கு மாதிரியான மரத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியில் மட்டும் சேதம் என்றால் அது மாவுத்தூள் வண்டு, பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள் வளர்ந்துவிடும். ஓட்டை கிட்டத்தட்ட அதே அளவில் இருந்து தூளை விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்தால் மரச்சாமான் வண்டு, அதன் புழு 2 முதல் 5 ஆண்டுகள் வரை உள்ளேயே இருக்கும். அந்த வண்டுக்கு ஈரம் பிடிக்கும், கசியும் சுவரை ஒட்டிக் கிடக்கும் அலமாரியை நகர்த்திக் காயவைப்பதும் மருந்துக்குச் சமமான வேலை.

வாங்குவதற்கு முன் வண்டு இப்போதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய தூள் கட்டிலை நகர்த்தும்போதுகூடக் கொட்டும். எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து, இருக்கும் ஓட்டைகளை மெழுகால் அடைத்து, கீழே கறுப்புக் காகிதம் விரித்து விடுங்கள். புது ஓட்டை விளிம்பு கூர்மையாக, உள்ளே மரம் பளிச்சென்று தெரிந்தால் வாங்கலாம். ஓட்டை கறுத்து, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் ஓட்டையை அடைக்கும் மக்கு வைத்துப் பாலிஷ் போட்டாலே போதும். மழையில் நனையும் வாசல் சட்டத்துக்கும் இது வேண்டாம், தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து வெளியேறிவிடும்.