பிழையை எங்கே பிடிப்பது: சங்கிலியின் கடைசியிலா, உள்ளேயா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் வெப்பநிலையைச் சேலத்தில் ஒரு திரையில் காட்டும் நிரலை, அடுத்தடுத்து வரும் தரவுகளைச் சங்கிலிபோல் கோத்துக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் (RxJS) எழுதுவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கொருமுறை டைமர் துடிக்க, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வேலையைத் தொடங்கும் மெர்ஜ்மேப் (mergeMap), அளவைக் கேட்டு இணையவழியே ஒரு எச்டிடிபி கோரிக்கையை அனுப்புகிறது. பிழையைப் பிடித்து மாற்று மதிப்பைத் தரும் கேட்ச்எரரைச் (catchError) சங்கிலியின் கடைசியில் வைத்தால், மலையில் இணைப்பு ஒருமுறை அறுந்தாலே பிழை டைமரையும் சேர்த்து நிறுத்திவிடும். மாற்று மதிப்பாகக் கொடுத்த "அளவு இல்லை" திரையில் ஒருமுறை தோன்றும், அதன்பின் எதுவும் வராது. பிடிபட்ட பிழையை ஆர்எக்ஸ்ஜேஎஸ் கன்சோலில் அறிவிக்காது என்பதால், டைமர் நின்றுபோனதே தெரியாமல் போகலாம்.

கேட்ச்எரரையே மெர்ஜ்மேப்புக்குள், கோரிக்கையின் பைப்பிலேயே (அதன் சொந்தச் சங்கிலியிலேயே) வைத்தால், அந்த ஒரு கோரிக்கை மட்டும் முடிந்து, அடுத்த நிமிடத்து அளவு வழக்கம்போல் வந்து சேரும். நான் இதையே தேர்வேன். பிழை நேர்ந்தால் மறுபடி முயலும் ரீட்ரைக்கும் (retry) உள்ளேதான் இடம். வெளியே வைத்தால் டைமர் மறுபடி 0 முதல் எண்ணத் தொடங்கும். அனுமதிச் சாவி காலாவதியானதைப் போல, தொடர்வதே வீண் என்னும் பிழைகளுக்கு மட்டும் கடைசி இடம் பொருந்தும்.