அட்டைபூஷணம் ஷீல்டும் ஹட்டன் டவுன் கடையும்: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

நாங்க பறவை பாக்குற ஒரு சின்ன கூட்டம். டீச்சர், பேங்க்ல இருக்கிறவங்க, ஓட்டோ ஓட்டுற அண்ணன், தோட்டத்துல கணக்கப்பிள்ளைன்னு எல்லாரும் கலந்திருப்போம். வருசக் கடைசியில ஒருத்தருக்கொருத்தர் விருது குடுத்துக்குவோம், எல்லாமே நக்கல் விருதுதான், ஆனா ஷீல்ட் மட்டும் அசலா இருக்கணும். கார்ட்போர்ட்ல கிறுக்கிக் குடுத்தா சிரிப்பு அன்னைக்கே முடிஞ்சிரும், பளபளன்னு செஞ்சு குடுத்தா அது ஷோகேஸுக்குப் போயிரும், வீட்டுக்கு வர்ற மாமனார் எடுத்து வாசிச்சுட்டு மருமகன ஒரு மாதிரி பாப்பாரு பாருங்க, அதுக்குத்தான் இம்புட்டு செலவு.

இந்த வருசம் அஞ்சு ஷீல்டையும் ஹட்டன் டவுன்ல ஷீல்ட் அடிக்கிற இந்தக் கடையிலதான் அடிச்சோம். போன வருசம் வேற டவுன்ல ஒரு கடை (பேர் வேணாம்), ஃபோன்ல டைப் பண்ணி அனுப்பினத அப்படியே பழைய சொஃப்ட்வெயர்ல போட்டு அடிச்சிட்டாங்க, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், புள்ளியெல்லாம் அடுத்த எழுத்து தலையில. இங்க அப்படி இல்ல. கடை அண்ணன் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொண்ட்ல தானே உக்காந்து திரும்ப டைப் பண்றாரு, பாமினில ஒவ்வொரு கொம்பும் காலும் தனித்தனி கீ, அடிச்ச இடத்துல அப்படியே நிக்கும், அதனால மிஷின் எவ்வளவு பழசா இருந்தாலும் எழுத்து சிதறாது. அடிக்க முன்னாடி வெள்ளத்தாள்ல ஒரு பிரிண்ட் எடுத்து நம்ம வாயாலயே சத்தமா வாசிக்கச் சொல்லி கையெழுத்து வாங்கிக்கிறாரு. கடையில நாலு பேரு நிக்கிறப்ப “செவிவழிச் செம்மல்”னு விருதுப் பேர சத்தமா வாசிக்கிறது கொஞ்சம் கஷ்டம்தான்.

முதல் விருது அட்டைபூஷணம். அரசாங்கம் மூத்த கலைஞர்களுக்கு கலாபூஷணம் குடுக்குதுல்ல, எங்க ஆளுங்க கித்துல்கல காட்டுல ரத்தம் உறிஞ்சுற அட்டைக்குக் குடுக்கிற ரத்தத்துக்கு யாரும் ஒன்னும் குடுக்கிறதில்ல. சவுக்காரம் தேய்ச்சுக்கிட்டு, நீட்டு சொக்ஸ் மாட்டிக்கிட்டு போனாலும் ஒருத்தர மட்டும் தேடிப்புடிச்சுக் கடிக்கும். ஷீல்ட்ல வழக்கமா ரெண்டு பக்கமும் இலை வளையம் போடுவாங்கல்ல, அதுக்குப் பதிலா ரெண்டு அட்டை வளைஞ்சு நிக்கணும்னு கேட்டோம். அண்ணன் சிரிக்கவே இல்ல. பில் புக்க திருப்பி பின்பக்கம் பேனையால வரைஞ்சிக்கிட்டே “பட்டினி அட்டையா, குடிச்ச அட்டையா?”ன்னு கேட்டாரு. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். கடைசில அவரே ஒரு பக்கம் மெலிஞ்சது, ஒரு பக்கம் உருண்டதுன்னு போட்டுட்டாரு, இதுக்கே அந்த நாலு ஸ்டாரும்.

செவிவழிச் செம்மல் எதுக்குன்னா, செரண்டிப் ஸ்கொப்ஸ் ஆந்தைன்னு ஒன்னு இருக்கு, இலங்கையில மட்டும்தான். பறவை ஆராய்ச்சியாளர் தீபால் வரக்காகொட 1995ல கித்துல்கலயில அதோட சத்தத்ததான் முதல்ல கேட்டாரு, 2001ல சிங்கராஜாவில ஆளக் கண்டாரு, 2004லதான் புது இனம்னு முறையா எழுதினாங்க. அவரே அத்தன வருசம் சத்தத்தோட இருந்திருக்காருன்னா எங்க டீச்சர் சத்தத்த மட்டும் கேட்டுட்டு “பாத்தாச்சு”ன்னு லிஸ்ட்ல எழுதினது ஒரு குத்தமான்னு அவங்க வாதாடுறாங்க. குத்தம்தான், அதான் ஷீல்ட்.

அப்புறம் நக்கீரர் கேடயம். யார் படம் போட்டாலும் பிழை புடிக்கிற ஒரு ஆள் எல்லாக் கூட்டத்துலயும் இருப்பாங்களே. ஹோட்டன் சமவெளில அரங்கா குளத்துகிட்ட குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னு ஒருத்தன் விஸ்லிங் த்ரஷ்ங்கிற பறவைய படம் எடுத்தேன்னு போட்டான். 1868க்கு அப்புறம் அந்த ஆந்தை வர்ற வரைக்கும் இலங்கையில புதுசா கண்டுபுடிச்ச பறவையே இல்ல, அந்த 1868 ஆளுதான் இந்த த்ரஷ், அப்ப எவ்வளவு பெருமையா போட்டிருப்பான் பாருங்க. நம்ம நக்கீரர் ஒரே வரில “அலகு ஆரஞ்சு, இது பிளாக்பேர்ட்”னு முடிச்சிட்டாரு. விஸ்லிங் த்ரஷ்ஷுக்கு அலகு கருப்பு, ஆணுக்கு தோள்ல பளிச்சுன்னு நீலம், படத்துல ரெண்டும் இல்ல. சிவனே வந்தாலும் குத்தம் குத்தம்தான்ங்கிற வகை. கேடயத்துல நெத்திக்கண்ணுக்குப் பதிலா பைனாகுலர் போட்டுக் குடுத்தாரு கடை அண்ணன். மத்த ரெண்டும் சுமார் ஜோக்தான், விடுங்க.

குறைன்னா, மரத்தூள அமுக்கிச் செய்யிற எம்.டி.எஃப் பலகை வேணவே வேணாம். நம்ம பக்கத்து ஈரத்துக்கு ஓரம் ஊதிரும், நுவரெலியாவுல இருக்கிறவருக்கு குடுத்தது மழைக்காலத்துல பிஸ்கட் மாதிரி உப்பிக்கிச்சு. கொஞ்சம் கூடப் போட்டு சவுக்குப் பலகையோ அக்ரிலிக்கோ கேளுங்க. கேட்டாத்தான் சொல்றாரு, தானா சொல்ல மாட்டேங்கிறாரு, அது எனக்குப் புடிக்கல. தங்கக் கலர் பிளாஸ்டிக் கப்பும் வேணாம், துடைக்கத் துடைக்க கலர் துணியிலதான் இருக்கும். வெள்ளிக்கிழமைன்னு சொல்லி திங்கக்கிழமைதான் குடுத்தாரு, விழா ஞாயித்துக்கிழமை! பொன்னாடைக்குப் பதிலா கொழுந்து எடுக்குற அக்காமாரு இடுப்புல கட்டுற படங்கத்தான் நாங்க போத்துவோம், அன்னைக்கு படங்க மட்டும் போத்தி ஆளுங்கள வெறுங்கையோட அனுப்பினோம். அட்டைபூஷணம் மட்டும் திங்கக்கிழமை நேரா கடைக்கே போய் வாங்கிக்கிட்டாரு, கவுண்டர்லயே ஒரு போட்டோ.

சின்ன ஷீல்ட் ஆயிரத்து எண்ணூறு, படம் புதுசா வரையணும்னா தனி. கார்ட் எடுக்க மாட்டாங்க, காசோட போங்க. போயாவுக்கு (பௌர்ணமி லீவுக்கு) கடை பூட்டு. டிசம்பர்ல ஸ்கூல் பரிசளிப்பு ஓடர் குவிஞ்சிருக்கும், நவம்பர்லயே குடுத்துருங்க, சொல்ற தேதில இருந்து மூணு நாள் தள்ளியே விழாவ வைங்க.