ஆள் கூப்பிட சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் போகிறவர்களுக்கு: ஃபிளைட்ரேடார்24

ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் நான் முதலில் திறப்பது, விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் இந்தச் செயலியைத்தான். இலவசமாகக் கிடைப்பதே போதும், சில்வர், கோல்டு என்று காசு கட்டும் திட்டங்கள் எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

போன ஜூனில் அம்மா திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் வந்தார். விடியற்காலை, வெளியே சுமத்ரா காற்றும் இடியும் மழையும், வருகைக் கூடத்துப் பலகையில் தாமதம் என்று மட்டும் போட்டிருந்தது. செயலியில் பார்த்தால் விமானம் கடல்மேல் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, வந்த வழிக்குப் பக்கத்திலேயே மறுபடி போய், ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நீள்வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஊரில் தம்பியும் அதையே பார்த்துவிட்டு போன் செய்தான், "அக்கா, ஏன் சுத்துது, சக்கரம் இறங்கலையா?"

பயப்பட வேண்டியதில்லை. ஓடுபாதையில் மழை வலுத்தால், அல்லது ஒரே நேரத்தில் நிறைய விமானம் வந்து சேர்ந்தால், கட்டுப்பாட்டாளர்கள் முதலில் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அதுவும் போதாவிட்டால் இப்படிக் காத்திருக்க வைப்பார்கள். வழக்கமாக வலப்பக்கம் திரும்ப வேண்டும். அரைவட்டம் திரும்ப ஒரு நிமிடம், நேர்க்கோட்டில் ஒரு நிமிடம், இன்னொரு திருப்பம், இன்னொரு கோடு, ஆக ஒரு சுற்றுக்கு சுமார் 4 நிமிடம். 14,000 அடிக்கு மேல் என்றால் நேர்க்கோடு ஒன்றரை நிமிடம். இரண்டு நிமிடம் தள்ளிப்போட்டால் போதும் என்றால் ஒரே ஒரு முழு வட்டம், அதைத்தான் ஆர்பிட் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உயரத்தைக் காட்டும் எண். விமானமே தன் இடத்தையும் உயரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது, தரையில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் கருவிகள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. அம்மாவின் விமானத்தைத் தொட்டேன், 11,000 அடி. அதே இடத்தில் சுற்றிய இன்னொன்றைத் தொட்டேன், 12,000. படத்தில் இரண்டும் மோதுவது போலத் தெரியும், ஆனால் நடுவில் 1,000 அடி இருக்கிறது! பொதுவாகக் கீழே இருப்பது முதலில் கிளம்பும், மேலே இருப்பது ஒரு படி இறங்கும். தம்பியிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவன் குரல் அடங்கியது. எரிபொருள் பற்றியும் கேட்டான். இப்படிக் காத்திருக்க நேரலாம் என்று கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள், அதற்கும் மேலே, கடைசிக் கையிருப்பாக 30 நிமிடத்துக்கானதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஏன் சுற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மழை ரேடார் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று அம்மாவின் விமானம் நான்காவது சுற்றில் பாதியிலேயே நேரானது, உயர எண் இறங்க ஆரம்பித்தது. வெளியே வந்த அம்மா, "சூரியன் ஜன்னலுக்கு வந்து வந்து போச்சு"ன்னு சந்தோஷமாகச் சொன்னார்.

தெம்பனிஸ், பிடோக் பக்கம் இருப்பவர்கள் உயரம் 3,000 அடிக்குக் கீழே வந்தபின் வீட்டிலிருந்து காரை எடுத்தாலே போதும், குடிநுழைவும் பெட்டியும் முடிந்து அவர்கள் வெளியே வர எப்படியும் நேரமாகும்.