பித்தளை விளக்கு என்று 18,400 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: திரும்ப வாங்க வழி இருக்கிறதா?

நேற்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு தாள்தான் இப்போது என் கையில் இருக்கிறது. போனது 18,400 ரூபாய். பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். சீர்வரிசையில் வைக்க ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கப் போய் இப்படி ஆனது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

விளக்கு என்றால் நாச்சியார்கோவில் விளக்குதான் என்பது எங்கள் வீட்டில் பிடிவாதம். என் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்தது அங்கே வாங்கியது. உச்சியில் அன்னம், ஐந்து முகம், தட்டினால் கோயில் மணி மாதிரி ஒலி நின்று அடங்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர். திண்டுக்கல்லில் இருந்து பஸ் பிடித்து ஒரு நாள் போய் வந்திருக்கலாம். மண்டப வேலை, பத்திரிகை வேலை என்று சோம்பல்பட்டேன். அந்தச் சோம்பலின் விலை 18,400.

போட்டோ, வீடியோ போடும் அந்த ஆப்பில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு விளம்பரம் வந்தது. ‘நாச்சியார்கோவில் பட்டறை விலை, நேரடி விற்பனை.’ 3 அடி விளக்கு, ஜோடி 20 கிலோ, கிலோ 920 ரூபாய். எங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் அதே அளவுக்கு 25,000-க்கு மேல் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவும் செய்தேன். ‘இடையில் வியாபாரி கிடையாது, அதான்’ என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஏமாற்றுகிறவனுக்குப் பாதி வேலையை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

நம்பரைக் கேட்டு மெசேஜ் போட்டேன். அடுத்த நிமிடமே கூப்பிட்டான். நல்ல தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ‘அண்ணே, பொண்ணு கல்யாணத்துக்கா? அப்ப நான் நல்லதா பாத்து எடுத்து வைக்கிறேண்ணே. கந்தம் தனியா, தங்குளி தனியா வார்த்துச் சேக்குற விளக்குண்ணே இது, மிஷின் சரக்கு இல்ல’ என்றான். தண்டுக்குக் கந்தம், எண்ணெய் ஊற்றும் இடத்துக்குத் தங்குளி என்றெல்லாம் பட்டறைக்காரர்கள் பேசும் வார்த்தையைச் சொன்னதும் மனசு இளகிவிட்டது. 5,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டான். அனுப்பினேன்.

நான் முழுசாக விழுந்தது இரண்டாம் நாள். ஒரு வீடியோ அனுப்பினான். தராசில் இரண்டு விளக்கு. முள் 20-ஐத் தொட்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, உள்ளே வைக்கோல். பெட்டி மேல் ஒரு துண்டுச் சீட்டு, அதில் நீல மையில் என் பெயர், கீழே ‘திண்டுக்கல்’. கேமரா அந்தச் சீட்டின் மேல் ஐந்து விநாடி நின்றது. என் பெயரை அவன் கையால் எழுதியிருக்கிறானே என்று வீட்டுக்காரியிடம் பெருமையாகக் காட்டினேன். அவளும் பார்த்துவிட்டு, ‘பாவம், நல்ல மனுஷனா இருக்கான்’ என்றாள். சீட்டுதான் என்னுடையது, பெட்டியும் விளக்கும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவது என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

மீதி 13,400. இதற்கு வேறு க்யூஆர் அனுப்பினான். ‘அந்த அக்கவுண்ட்ல இன்னிக்கு லிமிட் முடிஞ்சிருச்சுண்ணே, இது என் மச்சான் நம்பர்’ என்றான். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்த பெயருக்கும் கடைப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பின் நம்பரை அடித்தேன். பில் கேட்டதற்கு, ‘பில் வேணாம்னா வரி மிச்சம்ணே’ என்றான். அதற்கும் சரி என்றேன். இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லா இடத்திலும் என்னிடம் முதலில் கேட்டது பில்லைத்தான்.

பதிமூன்று நாள் கழித்துப் பார்சல் ஆபீஸில் இருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் ‘டு பே’ போட்டிருந்தது, 420 ரூபாய் நான் கட்ட வேண்டும். கட்டினேன். ரசீதில் அனுப்பியவர் முகவரி என்ற இடத்தில் ஒரு செல் நம்பர் மட்டும். புக் செய்த ஊரும் கும்பகோணம் இல்லை, வேறு ஏதோ மாவட்டம். மரப்பெட்டியும் இல்லை, அட்டைப் பெட்டி. அங்கேயே பிரித்துப் பார்க்காமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீடியோ எடுக்காமல்தான் வீட்டிலும் பிரித்தேன்.

பார்வைக்குத் தகதகவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஏற்றிப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரி புளி கரைத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். பித்தளை புளி பட்டால் இன்னும் பளிச்சென்று ஆகும். இது புளிக்கு நிறம் கொடுத்தது. அவள் உள்ளங்கையில் மஞ்சளாக, ஜிகினா மாதிரி ஒட்டியிருந்தது. தேய்த்த இடத்தில் விளக்கு சாம்பல் நிறம். ‘என்னங்க, இங்க வாங்க’ என்று அவள் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தப் பொம்மையை எடுத்து வந்து தண்டில் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது, செம்பும் துத்தநாகமும்தானே அது. அடியில் ஒட்டியிருந்த பச்சை வெல்வெட் துணியைக் கிழித்தேன். உள்ளே சிமெண்ட். எடைக்காக அடைத்திருக்கிறார்கள். அதையும் ஒழுங்காக அடைக்கவில்லை, அரிசிக்கடைத் தராசில் போட்டால் ஜோடியும் சேர்ந்து 11 கிலோதான்.

இனி வந்தது பதில்களின் ஊர்வலம். முதல் நாள்: ‘அண்ணே, மாத்தி அனுப்பிட்டாங்க பசங்க, போட்டோ அனுப்புங்க.’ அனுப்பினேன். இரண்டாம் நாள்: ‘ஓனர் திருப்பதி போயிருக்காருண்ணே.’ நான்காம் நாள்: ‘ரீஃபண்ட் போட்டாச்சுண்ணே, ஏழு வேலை நாள் ஆகும்.’ இவன் க்யூஆரில் இருந்து பணம் எடுக்க இரண்டு விநாடி, திருப்பித் தர ஏழு வேலை நாளாம்! நானும் வேலை நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைக் கழித்து. ஒன்பதாம் நாள் அவன் புரொஃபைல் போட்டோ மறைந்தது, போன் ரிங் போகவில்லை, மெசேஜில் ஒற்றை டிக். அந்த ஒன்பது நாள்தான் அவன் என்னிடம் வாங்கிய இரண்டாவது அட்வான்ஸ். பணத்தை அக்கவுண்ட் விட்டு அக்கவுண்ட் மாற்ற அவனுக்கு அது போதுமானதற்கும் மேல்.

பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, ‘பின் நம்பர் நீங்கதானே சார் போட்டீங்க?’ என்றார். ஆமாம் என்றேன். ‘அப்ப நாங்க என்ன சார் பண்றது?’ நமக்குத் தெரியாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பேங்க் பொறுப்பேற்க வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. அதைப் பெரிய ஆயுதமாக நினைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாமே கையால் அனுப்பிய பணத்துக்கு அது உதவாது.

அந்த ஆப்பில் பக்கத்தைப் பற்றிப் புகார் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது, ‘எங்கள் விதிமுறைகள் எதையும் இந்தப் பக்கம் மீறவில்லை.’ விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது மட்டும் அவன் யார் என்று தெரியும் போலிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் நிறுவனத்தின் பெயர், முகவரி, பில் நம்பர் என்று கேட்டுக்கொண்டே போனார். என்னிடம் ஒரு செல் நம்பரும் புளிக்கறையும் தவிர ஒன்றும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம், நாம் இருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. எல்லாம் சரி, நோட்டீஸை எந்த வாசலில் ஒட்டுவது?

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தது பத்தாம் நாள். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. பேங்க் மெசேஜில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் நம்பரை, அதாவது பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள், இரண்டு பரிவர்த்தனைக்கும் கொடுத்தேன். அவர் கேட்ட ஒரு கேள்வி நெஞ்சில் குத்தியது. ‘ஏன் சார் இவ்வளவு நாள் விட்டீங்க?’ அன்றே கூப்பிட்டிருந்தால் பணம் அடுத்த கைக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு அதிகம் என்றார். எனக்கு முடக்கிக் கிடைத்தது அந்த ‘மச்சான்’ அக்கவுண்டில் மிச்சமிருந்த 2,150 ரூபாய். 18,400-க்கு 2,150. அதுவும் என் கைக்கு வரவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கி வரச் சொன்னார்கள். வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கவில்லை, கேட்டால் சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

இதற்குள் இன்னொரு கூத்து. ஆற்றாமையில் அந்த ஆப்பிலேயே, பணம் திரும்ப வரவில்லை என்று பொதுவாக ஒரு கமெண்ட் போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு போன். ‘சார், ரீஃபண்ட் டிபார்ட்மெண்ட்ல இருந்து பேசுறோம்.’ தொகையைச் சரியாகச் சொன்னான், 18,400 என்று. கமெண்ட்டில் நானே எழுதியதுதான், அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. ஒரு க்யூஆர் அனுப்பினான். ‘ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார், உடனே கிரெடிட் ஆகிடும்.’ ஸ்கேன் செய்தேன். 18,400 என்று தொகை தானாக வந்து நின்றது. கட்டைவிரல் இரண்டு எண்ணை அடித்துவிட்டது. கல்யாணப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, ‘அப்பா! பணம் வாங்குறதுக்கு எதுக்குப்பா பின்?’ என்று போனைப் பிடுங்கினாள். இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தப் பதிவில் 36,800 என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

விளக்கைக் கடைசியில் எங்கள் ஊர்ப் பாத்திரக்கடையிலேயே வாங்கினேன். 25,600, பாதி கடன். கடைக்காரர் ஒரு சாவியால் தண்டில் தட்டிக் காட்டினார், ணங் என்று நின்றது ஒலி. பில்லை நான் கேட்காமலேயே கொடுத்தார்.

திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்று கேட்டு ஆரம்பித்தேன். எனக்கே வரவில்லை, உங்களுக்கு என்ன சொல்ல? தெரிந்தது இவ்வளவுதான். சந்தேகம் வந்த அதே மணி நேரத்தில் 1930-க்கு அடியுங்கள், ‘ஏழு வேலை நாள்’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவன் பிளாக் செய்யும் முன் சாட், நம்பர், பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். திரையில் வரும் பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பேங்கில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது, என்னை மாதிரி தனி ஆளின் க்யூஆருக்கு அனுப்பினால் அதுவும் இல்லை. பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பித்தளை வாங்கப் போனால் ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், நேரில்.

இதை எழுதி முடிக்கும்போது மருமகன் ஒரு லிங்க் அனுப்பினார். பக்கத்தின் பெயர் மாறியிருக்கிறது, விலை கிலோ 890 ஆகியிருக்கிறது. வீடியோ அதேதான். தராசு, முள் 20-இல், மரப்பெட்டி, வைக்கோல். துண்டுச் சீட்டில் நீல மையில் வேறு யாரோ ஒருவர் பெயர், கீழே ‘சேலம்’. ‘வாங்காதீங்க’ என்று கீழே எழுதினேன். இரண்டு நிமிடத்தில் அதை அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். சேலத்துக்காரர் யாரோ, அட்வான்ஸ் மட்டும்தான் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இதைப் பார்த்தால் மீதியை அனுப்பாதீர்கள், சார்.