"டிஸ்க் டெட்" என்றார்கள், அதே டிஸ்க்கின் மேல் "1 டிபி ஓகே" என்று எழுதி வைத்திருந்தார்கள்

லேப்டாப் ஹார்டு டிஸ்க் கோளாறு என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடை திருச்சியில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் விவகாரம் இன்னும் முழுசாக முடியவில்லை. இதே வேலையை எந்த ஊர்க் கடையும் காட்டலாம் என்பதால் பெயரைவிட, செய்த விதம்தான் உங்களுக்கு உதவும்.

அக்கா சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறாள். நைட்டி, பாவாடை தைத்து மொத்தமாகக் கடைகளுக்குப் போடுகிறாள். கணக்கு முழுக்க டேலியில், 2019-ல் வாங்கிய ஒரு ஹெச்பி லேப்டாப்பில். ஒருநாள் காலையில் கறுப்புத் திரையில் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று வந்து, கீழே 3எஃப்0 என்று ஒரு எண் நின்றிருக்கிறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சில சமயம் விண்டோஸ் வரும், சில சமயம் வராது. ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய நேரம் வேறு. மாமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கவுன்டரில் இருந்தவர் ஆன் பண்ணிப் பார்த்தார், அதே மெசேஜ் வந்தது. "டிஸ்க் டெட் சார். எஸ்எஸ்டி போட்டுடலாம், சும்மா பறக்கும்." பின்பக்க மூடியைக்கூடக் கழற்றாமல் சொன்ன தீர்ப்பு இது. எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகம் இல்லாத வேகமான டிரைவ். புது 1 டிபி எஸ்எஸ்டிக்கு 8,200, ஓஎஸ், அதாவது விண்டோஸ் போட 1,000, சர்வீஸ் சார்ஜ் 500 ரூபாய். சாயங்காலமே லேப்டாப் கைக்கு வந்தது. வேகமாகத்தான் இருந்தது, மாமாவுக்குச் சந்தோஷம். டேலியைத் தேடினால் காணோம்.

"அதான் டிஸ்க் டெட் ஆயிடுச்சே சார். டேட்டா வேணும்னா ரெகவரிக்குச் சென்னை லேபுக்கு அனுப்பணும். 6,500 ஆகும், அட்வான்ஸ் 3,000 போடுங்க." போட்டார்கள். அதற்கப்புறம்தான் அக்கா எனக்கு போன் பண்ணினாள்.

எனக்கு சென்னையில் சிஸ்டம் சப்போர்ட் வேலை, டிஸ்க் மாற்றுவது அன்றாடப் பிழைப்பு. நான் கேட்ட முதல் கேள்வி, "பழைய டிஸ்க் எங்கக்கா இருக்கு?" கடையிலேயே இருக்கிறது என்றாள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த டிஸ்க்கில் வீட்டில் எல்லாருடைய ஆதார், பான் ஸ்கேன், பாஸ்புக் பக்கங்கள், வேலைக்கு வரும் பெண்களின் வங்கி விவரம், போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. பழைய டிஸ்க் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். அதை மாற்றும்போது கடைக்காரர் தானாக உங்களிடம் திருப்பித் தர வேண்டும், கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதே தப்பு.

இரண்டாவதாக, அந்த "டெட்" என்ற வார்த்தையே எனக்கு இடித்தது. நிஜமாகவே செத்த டிஸ்க் காலையில் வராமல் மத்தியானம் வராது. சில சமயம் தெரிகிறது, சில சமயம் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் போக வேண்டும். இந்த மாதிரி லேப்டாப்களில் டிஸ்க்கையும் மதர்போர்டையும் ஒரு மெல்லிய பட்டைக் கேபிள் இணைக்கிறது. தினமும் பையில் போட்டு எடுக்கும் லேப்டாப்பில் அது தளர்வது, மடிப்பில் விட்டுப்போவது எல்லாம் சகஜம். பட்டையை மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும், அவ்வளவுதான்.

திருச்சிக்குப் போனதும் முதலில் அந்தப் "புது" எஸ்எஸ்டியைப் பார்த்தேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பதிவுகளை அது வாசித்துக் காட்டும். வலது ஓரத்தில் பவர் ஆன் ஹவர்ஸ் என்று ஒரு கட்டம். புது டிரைவில் பூஜ்யமோ, ஒற்றை இலக்கமோ இருக்க வேண்டிய இடத்தில் 11,306 இருந்தது. ஒரு வருஷம் முழுக்க இரவு பகல் ஓடினாலே 8,760 மணி நேரம்தான். ஹெல்த் 74 சதவீதம். யாருடைய மெஷினிலோ ஓடிக் களைத்ததைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, புது விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

சரி, ஓஎஸ் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் அது இன்னும் மோசம். விண்டோஸோடு விற்கப்படும் இந்த மாதிரி லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, அதே எடிஷனைப் போட்டு, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அக்கா லேப்டாப்போடு வந்தது ஹோம் எடிஷன். அதை விட்டுவிட்டு, லைசென்ஸ் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் திருட்டு ஆக்டிவேட்டரோடு ப்ரோ எடிஷனைப் போட்டிருந்தார்கள். அந்த ஆக்டிவேட்டரைத் தடுக்கக் கூடாது என்று விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் விலக்கும் கொடுத்து வைத்திருந்தார்கள். வங்கிப் பரிவர்த்தனை நடக்கும் மெஷினில், சொந்தமாக லைசென்ஸ் இருக்கும்போதே, 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த காரியம் இது.

கடைக்குப் போனோம். ஓனர் இருந்தார். "டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பியாச்சே சார்" என்றார். கூரியர் ரசீதைக் காட்டுங்கள் என்றேன். ரசீது சென்னைப் பார்ட்டியிடம் இருக்கிறதாம். அனுப்பியவரிடம் இல்லாமல் வாங்கியவரிடம் ரசீது இருக்கும் கூரியர் எது என்று மாமா கேட்டார். அவர் அதிகம் பேசுகிற ஆள் கிடையாது, அன்றைக்குப் பேசினார். இந்த வாக்குவாதம் நடக்கும்போது, உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன், பாவம், விஷயம் தெரியாமல், "அண்ணே, அந்த ஹெச்பி டிஸ்க்கா? டப்பால இருக்குண்ணே" என்றான்.

கவுன்டருக்குக் கீழே ஒரு நீளமான பிளாஸ்டிக் டப்பா. அதில் இரண்டரை இஞ்ச் டிஸ்க்குகள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மார்க்கரில் கிறுக்கல். சிலவற்றில் "500 ஓகே", சிலவற்றில் "ஸ்லோ", ஒன்றிரண்டில் பெருக்கல் குறி. பையன் எடுத்து நீட்டிய டிஸ்க்கில் "1 டிபி ஓகே" என்று இருந்தது. இது வேறு யாருடையதோ என்றார் ஓனர். டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்கும் யுஎஸ்பி டாக் அங்கேயே இருந்தது, அதில் செருகச் சொன்னேன். திரையில் அக்கா பெயரில் ஃபோல்டர், அதற்குள் டேலி டேட்டா, பாப்பாவின் காதுகுத்துப் போட்டோக்கள். லேபுக்கு 6,500 ரூபாய் செலவில் போக வேண்டிய டேட்டா அந்த நிமிஷமே திறந்தது. மார்க்கர் எழுத்து தெரியும்படி டிஸ்க்கைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதாவது டெஸ்ட் பண்ணியிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, அடுத்த ஆளுக்கு விற்க வரிசையில் நிறுத்தியும் விட்டார்கள். அதோடு அக்காவின் ஆதாரும் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது நான்கு வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே காப்பி எடுக்க வேண்டும். அக்கா டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யம். நான்காவது வரியான சி7-ல் மட்டும் 72ஏ என்று இருந்தது. எழுத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அந்த மென்பொருள் இந்த எண்களை முதலில் பதினாறடிமானத்தில்தான் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணும் முறை) காட்டும், அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். சாதாரணக் கணக்கில் அது 1,834. சி7 ஏறுவது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் பிழை என்று சொல்கிறது. கேபிள், இல்லையென்றால் கனெக்டர். மூடியைத் திறந்து பார்த்தேன், பட்டைக் கேபிளின் மடிப்பில் வெடிப்பு கண்ணுக்கே தெரிந்தது. புதுப் பட்டை போட்டதும் அதே பழைய டிஸ்க் அதே விண்டோஸோடு எழுந்து வந்தது. சி7 எண் ஒருபோதும் குறையாது, ஆனால் அதற்கப்புறம் ஏறவும் இல்லை.

இதையெல்லாம் கடைக்குப் போகாமலே ஓரளவு நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் வராவிட்டாலும் பரவாயில்லை. ஹெச்பியில் ஆன் செய்தவுடன் எஸ்கேப் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் மெனு வரும், அதில் எஃப்2 அமுக்கினால் டயக்னாஸ்டிக்ஸ், டிஸ்க்கைச் சோதிக்கும் வசதி. டெல்லில் எஃப்12 மெனுவுக்குள் இருக்கிறது. டிஸ்க்கே இல்லை என்று ஒருமுறையும் பாஸ் என்று மறுமுறையும் வந்தால் கேபிளைப் பாருங்கள். டிஸ்க் ஒழுங்காகத் தெரிந்து, சோதனையும் பாஸ் ஆகி, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் பூட் ஃபைல் கெட்டிருக்கலாம், அல்லது மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸ் ரீசெட் ஆகி, டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ இருந்த இடத்தில் ரெய்டு என்று மாறியிருக்கலாம். இரண்டுக்கும் டிஸ்க்கை மாற்ற வேண்டிய அவசியமே கிடையாது. லேப்டாப் ஆமை வேகத்தில் போகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது என்பதும் டிஸ்க் செத்ததற்கு அத்தாட்சி ஆகாது. நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் இன்றைய விண்டோஸைப் போட்டால் அப்படித்தான் இருக்கும். எஸ்எஸ்டி போடுவது நல்ல யோசனைதான், ஆனால் அது வேகத்துக்காக நீங்கள் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவசரம் காட்டுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் பண்ணுங்கள், திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்க வேண்டாம். அந்த மாதிரி டிஸ்க்கில் செக்டிஸ்க் (பிழை தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுகிறேன் என்று சொல்லும் ஆளிடம் லேப்டாப்பையே கொடுக்காதீர்கள். தடுமாறும் டிஸ்க்கை முழுக்க உழ வைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். முதலில் காப்பி, அப்புறம்தான் மற்றதெல்லாம். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் ஃபார்மட் என்ற பேச்சை எடுத்தாலே நிறுத்தச் சொல்லுங்கள். அழித்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு காலி செய்துவிடுவதால், ஹார்டு டிஸ்க்கில் மீட்க முடிவதுபோல் அதில் பெரும்பாலும் மீட்க முடியாது. விண்டோஸ் 11 மெஷினாக இருந்தால் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் ஒன்றும் திறக்காது.

புதுசு வாங்கினால் டப்பாவை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, சீரியல் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள், மாட்டியதும் அந்த மணி நேரக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். சில போலி டிரைவ்கள் 64 ஜிபியை வைத்துக்கொண்டு 1 டிபி என்று காட்டும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதிப் படித்து அந்தக் குட்டை உடைத்துவிடும். நேரம் எடுக்கும், ராத்திரி ஓட விட்டுத் தூங்கலாம்.

பணம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கடையில் கொடுத்தது பில் இல்லை, "எஸ்டிமேட்" என்று தலைப்பு போட்ட துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது, சீரியல் எண்ணும் கிடையாது. பில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஓனரே தைரியமாகச் சொன்னார். அவருக்குத் தெரியாதது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. மாமா தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தார். சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், 11,306 தெரியும் படம், மார்க்கர் எழுத்துப் படம் நான்கையும், புகார் எண் வந்த மெசேஜையும் சேர்த்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். எஸ்எஸ்டி பணமும் ரெகவரி அட்வான்ஸும் திரும்பி வந்தன. ஓஎஸ்ஸுக்கும் சர்வீஸுக்கும் வாங்கிய 1,500 மட்டும் வரவில்லை, "வேலை செஞ்சதுக்குக் கூலி" என்கிறார். அக்கா விட்டுவிடலாம் என்கிறாள். மாமா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது.

உங்களுக்கும் இதே மாதிரி நடந்து, நாளாகிவிட்டதே என்று விட்டிருந்தால், 2 வருஷம் வரை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.