மலையின் தடைக்காலமும் கடலின் தடைக்காலமும்: இரவிகுளத்துக்கு எப்போது செல்லலாம்?

பாம்பன், மண்டபம், கீழக்கரை என எங்கள் கடலோரத்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும், மூணாறுக்குப் போகிறவர்கள் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று பழைய பெயரால் இன்னும் அழைக்கப்படும் நெடுஞ்சாலையில்தான் மதுரை, தேனி, போடி கடந்து போடிமெட்டு ஏறுகிறார்கள். வழி தெரிந்த அளவுக்கு, மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு ஏற்ற மாதம் எது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிப்ரவரி, மார்ச் மாதங்களை முதலிலேயே கழித்துவிட வேண்டும். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை உள்ளடக்கிய இந்த 97 சதுர கிலோமீட்டர்ப் பூங்கா, நம் மாநில விலங்கான வரையாட்டுக்காகவே காக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேரும் ஆடுகள் ஏறத்தாழ ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் சனவரி, பிப்ரவரியில் குட்டி ஈனுகின்றன; அதனால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதங்களும் பூங்கா வழக்கமாக மூடப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் சனவரி இறுதியிலேயே கதவடைத்துவிடுவார்கள் என்பதால், பொங்கல் கழித்துப் போக நினைப்பவர்கள் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

டிசம்பர், சனவரியில் வானம் தெளிந்து பள்ளத்தாக்குகள் துலக்கமாகத் தெரியும். ஆனால் வாடைக்காற்று வீசும் நாளிலும் ஒரு பருத்திப் போர்வைக்கு மேல் தேவைப்படாத நமக்கு, வெப்பநிலை சில இரவுகளில் சுழியத்துக்கும் கீழே இறங்கும் அந்த ஊர்க் குளிர் வேறு வகையானது. ஒரு சனவரியில் எங்களுடன் வந்த அத்தை, காலை ஏழரை மணிக்குப் பேருந்து வரிசையில் நின்றபடி, குளிக்க வைத்திருந்த துண்டு இரண்டையும் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஆடு பார்த்ததைவிடத் தேநீர்க் கடை பார்த்ததே அவருக்கு நினைவிருக்கிறது. அரையாண்டு விடுமுறைக் கூட்டம் இதற்கு மேல்.

சூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்போது மழை பெய்யும் மலை நம்மை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே மூடுபனி மலையையே மறைத்துவிடும். மண்சரிவில் சாலை துண்டிக்கப்படுவதும் உண்டு. பூங்காவை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நேர்ந்த நிலச்சரிவில், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டார்கள். குழந்தைகளுடன் இந்த மாதங்களில் போவதை நான் ஏற்கமாட்டேன்.

செப்டம்பர் இறுதியில் மழை ஓய்ந்து புல்வெளி பசுமை கட்டி நிற்கும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் ஏறத்தாழ இதுவே பருவம். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளம் பலரைப் போகவிடாமல் செய்தது, அடுத்தது 2030. அந்த ஆண்டில் வேறு எந்த மாதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மற்ற ஆண்டுகளில் காலாண்டு விடுமுறை குறுகியது என்பதோடு, அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை போடிமெட்டின் நம் பக்கச் சரிவை நனைக்கத் தொடங்கிவிடுகிறது.

என் தேர்வு ஏப்ரலின் கடைசிப் பத்து நாள்கள். மீன்கள் இனம் பெருக்கவென ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் நம் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வரையாடுகள் இனம் பெருக்கவென மூடிய பூங்கா அதற்குச் சற்று முன்புதான் திறக்கிறது. மலையின் தடை நீங்கிய கையோடு கடலின் தடை தொடங்குவதால், வலை பின்னிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இது பொருந்திவருகிறது. ராசமலையில் நம் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏறி, இறங்கி நடக்கையில், இரண்டு மூன்று மாதக் குட்டிகள் தாயின் விலாவை உரசியபடி பாதையோரப் பாறையில் நிற்கும். ஆள் நெருங்கினாலும் மிரளாமல் மேயும். புல் காய்ந்து வெளுத்திருக்கும், தொலைவு புகைபடிந்து தெரியும் என்பது குறைதான். பிற்பகலில் இடிமழை வரலாம் என்பதால் வார நாளில் முதல் பேருந்தைப் பிடிப்பது உத்தமம். மே மாதக் கூட்டத்தில் இந்த அமைதி கிடைக்காது. தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரமோ கேரளத்தில் பருவமழை இறங்கும் நேரம்.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் காலாண்டு விடுமுறையில் போகலாம். குட்டிகள் அதற்குள் வளர்ந்திருக்கும், ஆனால் புல் பச்சையாக இருக்கும்.